கோபாலனுக்கு ஒரு தலையணை

கல்கத்தாவுக்கு வடக்கே, தட்சிணேசுவரத்தையும் தாண்டி, கங்கைக் கரையில் காமார்ஹாட்டி என்ற ஊர் உள்ளது. அங்கே கோவிந்த சந்திர தத்தரின் குடும்பத்தினருக்கு உரிய ராதாகிருஷ்ணர் கோயிலும் தோட்டமும் இருந்தன. அத்தோட்டத்தில், கங்கையை நோக்கிய ஜன்னல்களுடன் கூடிய சிறிய அறை ஒன்றில் பல்லாண்டு காலம் ஜபமாலையே துணையாக வாழ்ந்தவர் அகோரமணி தேவி. கோபாலேர் மா, அதாவது கோபாலனின் அம்மா என்ற பெயரிலேயே பக்தர்கள் அவரை அறிவர்.

1822-ஆம் ஆண்டை ஒட்டி அந்தணர் குடும்பத்தில் பிறந்த அவர், இல்லறம் இன்னதென்று அறியாத இளம் வயதிலேயே விதவையானார். குடும்ப குருவிடம் கோபால மந்திர உபதேசம் பெற்றார். காமார்ஹாட்டிக் கோயிலில் அர்ச்சகராக இருந்த சகோதரரின் மூலம் அத்தோட்டத்தில் இடம் கிடைத்தது. நகைகளை விற்ற பணத்திலிருந்து மாதந்தோறும் கிடைத்த சிறு வட்டியே அவரது வருவாய். அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து ஜபத்தில் அமர்வார். பொழுது புலர்ந்து வெகுநேரம் கழித்தே அதிலிருந்து எழுவார். பிறகு மலர் பறித்தல், மாலை தொடுத்தல், சந்தனம் அரைத்தல், கங்கை நீராடல், தமக்கெனத் தாமே சமைத்தல் ஆகியவை தொடரும். சுமார் முப்பது ஆண்டுகள் இந்த வரிசை மாறவில்லை.

ஆசாரத்தில் அவர் மிகக் கண்டிப்பானவர். குருதேவரிடம் வரத் தொடங்கிய ஆரம்ப நாட்களில், சமையலுக்கு அவர் பயன்படுத்திய கோல் ஒன்றில் குருதேவரின் கை தற்செயலாகப் பட்டுவிட்டது. அந்தச் சோற்றை அவர் உண்ணவில்லை. கோலையும் கங்கையில் எறிந்துவிட்டார். மகான் என்று தாம் வணங்கியவருக்குக்கூட அவரது சமையலறையின் எல்லைக்கோட்டைத் தாண்ட அனுமதி இல்லை. அவரது பிற்கால வாழ்க்கை முழுவதையும் இந்தக் கோலை நினைவில் வைத்தே படிக்க வேண்டும்.

1884-இல் அவர் ஸ்ரீராமகிருஷ்ணரை முதன்முதலாகத் தரிசித்தார். இரண்டாம் முறை சென்றபோது வழியில் சில காசுகளுக்கு வாங்கிய பழைய சந்தேஷ் இனிப்பை எடுத்துச் சென்றார். பணக்கார பக்தர்கள் உயர்ந்த பண்டங்களைக் கொண்டுவரும் இடத்தில் அதை எப்படிக் கொடுப்பது என்று கூசி நின்றார். குருதேவரோ அதைக் கேட்டு வாங்கி மகிழ்வுடன் உண்டார். அதோடு, இனி வரும்போது கீரையோ, கறியோ, தம் கையால் சமைத்ததைக் கொண்டு வரும்படியும் சொன்னார். அகோரமணிக்கு ஏமாற்றம். கடவுளைப் பற்றிப் பேசாமல் உணவைப் பற்றியே பேசும் இவர் எப்படிப்பட்ட சாது, இனி இங்கு வருவதில்லை என்று எண்ணியபடியே திரும்பினார். ஆனால் சில நாட்களில் கறியைச் சமைத்து எடுத்துக்கொண்டு மீண்டும் நடந்தார்.

1885-இன் வசந்த காலத்தில் ஒரு நாள், விடியலுக்கு முந்தைய ஜபம் முடியும் தறுவாயில், குருதேவர் தம் இடப்பக்கம் அமர்ந்திருக்கக் கண்டார். துணிந்து அவரது கையைப் பற்றியதும் அந்த உருவம் மறைந்து, பத்து மாதக் குழந்தையாகக் கோபாலன் தவழ்ந்து வந்து வெண்ணெய் கேட்டான். வெண்ணெய்க்கு ஏழை விதவை எங்கே போவது? இருந்த தேங்காய் உருண்டையைக் கொடுத்தார். அன்று ஜபம் நடக்கவில்லை. கோபாலன் மடியில் ஏறினான், மாலையைப் பிடுங்கினான். பொழுது விடிந்ததும் குழந்தையை மார்போடு அணைத்தபடி தட்சிணேசுவரத்திற்கு நடந்தார். சின்னஞ்சிறு சிவந்த பாதங்கள் தம் மார்பின்மீது தொங்குவது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. குருதேவர் அன்று ஒரு குழந்தையைப் போல அவர் கையால் ஊட்டப் பெற்றார்.

அதன்பின் சுமார் இரண்டு மாதங்கள் கோபாலன் அவரைவிட்டு அகலவில்லை. அவர் விறகு பொறுக்கினால் அவனும் சுள்ளிகளைக் கொண்டுவந்து சேர்ப்பான். இரவில் வெறும் பலகையில் படுக்கையில், தலையணை இல்லை என்று சிணுங்குவான். அவர் தம் கையையே தலைக்கு அணையாகக் கொடுத்து, மறுநாள் மெத்தென்ற தலையணை தைக்கச் செய்வதாகச் சமாதானம் சொல்லித் தூங்க வைப்பார். இதில் யோக சாஸ்திரங்களின் சொற்கள் எதுவும் இல்லை. விறகும் அடுப்பும் தலையணையும்தான் இருக்கின்றன. முப்பது ஆண்டு ஜபத்தின் பலன் இவற்றின் நடுவேதான் வந்து நின்றது.

குருதேவர் அவரிடம் கண்டிப்பாகவும் இருந்தார். அதே ஆண்டு ரத உற்சவத்தை ஒட்டிப் பலராம் போஸின் இல்லத்தில் தங்கியபின் இருவரும் படகில் திரும்பினர். பக்தர்கள் அன்புடன் கொடுத்த துணிமணிகளும் பாத்திரங்களும் அடங்கிய மூட்டை கோபாலேர் மாவிடம் இருந்தது. அதைக் கண்ட குருதேவர் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. துறவின் பெருமையைப் பற்றி மற்றவர்களிடம் பேசினார். மூட்டையைக் கங்கையில் போட்டுவிடலாமா என்று தோன்றும் அளவுக்கு அவர் கலங்கினார். நஹபத்தில் அன்னை ஸ்ரீசாரதாதேவி, அவை தேவைக்காகத் தரப்பட்டவைதானே என்று ஆறுதல் கூறினார். ஆயினும் சிலவற்றைத் தானம் செய்துவிட்டுத்தான், குருதேவருக்கு அவர் கறி சமைத்து எடுத்துச் சென்றார்.

காலப்போக்கில் இடைவிடாத அந்தக் காட்சி குறைந்தது. அவர் அழுது புலம்பினார். உடல் தாங்காது என்பதாலேயே அது குறைந்தது என்று குருதேவர் தேற்றினார். 1886-இல் குருதேவர் மறைந்தபின், மாஹேஷ் என்ற ஊரின் தேர்த்திருவிழாவுக்கு அவர் சென்றிருந்தார். தேரும், அதில் வீற்றிருந்த ஜகந்நாதரும், வடம் பிடித்தவர்களும், திரண்டிருந்த கூட்டமும் கோபாலனாகவே தெரிந்தனர். தம்மை மறந்து ஆடினார், சிரித்தார். மடியில் இருந்தவன் ஊரெங்கும் நிறைந்துவிட்டான்.

கோலைக் கங்கையில் எறிந்த அந்தக் கைகள் 1898-இல் என்ன செய்தன? சுவாமி விவேகானந்தரின் மேலைநாட்டுச் சிஷ்யைகளான சாரா புல், ஜோசபின் மெக்லவுட், சகோதரி நிவேதிதை ஆகியோர் படகில் காமார்ஹாட்டிக்கு வந்தனர். அவர் அவர்களைத் தம் படுக்கையிலேயே அமர வைத்து, மோவாயைத் தொட்டு முத்தமிட்டு, பொரியும் தேங்காய் உருண்டையும் கொடுத்து உபசரித்தார். அக்கால வங்காளத்தில் ஆசாரமிக்க அந்தண விதவை ஒருவர் இவ்வாறு செய்தது சாதாரணச் செயல் அல்ல.

முதுமையில் உடல் தளர்ந்தபின் பாக்பஜாரில் நிவேதிதையின் இல்லத்திலேயே வசித்தார். அதற்காக அவரைச் சீர்திருத்தவாதி என்று சொல்லிவிட முடியாது. உணவு விஷயத்தில் பழைய நியமத்தை அவர் விடவில்லை. அருகிலிருந்த அந்தணர் வீட்டுச் சமையலையே உண்டார். ஆனால் அந்த நியமம் இப்போது தட்டோடு நின்றுவிட்டது. மனிதர்களுக்கும் அவருக்கும் இடையே அது வரவில்லை.

1906 ஜூலையில் இறுதி நெருங்கியபோது, நிவேதிதை அவரது படுக்கையை மலர்களாலும் மாலைகளாலும் தம் கையாலேயே அலங்கரித்தார். கங்கைக் கரைக்கு அவரை எடுத்துச் சென்றபோது கண்ணீருடன், வெறும் காலோடு உடன் நடந்தார். ஜூலை 8-ஆம் நாள் விடியற்காலையில், அவர் நாள்தோறும் ஜபத்தில் அமர்ந்திருந்த அதே வேளையில், கங்கைக் கரையில் கோபாலேர் மாவின் உயிர் பிரிந்தது.