ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார்: தனியுடைமையிலிருந்து பொதுவுரிமைக்கு

முன்னுரை

சென்னை மாகாண அரசியல் வரலாற்றில் இராஜாஜிக்கும் காமராசருக்கும் இடைப்பட்ட காலம் சுருக்கமாகவே பேசப்படுகிறது. அக்காலத்தில் ஆட்சி செய்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் (1895–1970) எளிமை, நேர்மை ஆகிய தனிப்பண்புகளுக்காகவே பெரிதும் நினைக்கப்படுகிறார். அவர்தம் ஆட்சிக்காலச் சட்டங்களை ஒருசேர நோக்கின், அவற்றினூடே ஒரு கொள்கை இழையோடுவதைக் காணலாம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

வாழ்வும் பதவியும்

தென்னார்க்காடு மாவட்டம் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ரெட்டியார், காந்தியடிகளின் வழியில் காங்கிரசுப் பேரியக்கத்தில் ஈடுபட்டார். இராமலிங்க அடிகளின் சன்மார்க்க நெறியும், சவ்வாது மலைக்குத் தெற்கே திருவண்ணாமலையில் வாழ்ந்த இரமண மகரிஷியிடம் கொண்ட பற்றும் அவர்தம் அகவாழ்வை வகுத்தன. கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பால் பிரகாசம் அமைச்சரவை விலகவே, 1947 மார்ச் 23 அன்று மாகாணப் பிரதமரானார். நாடு விடுதலை பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பு அவரிடமே இருந்தது.

சட்டங்களின் பொதுநோக்கு

1939ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம், கோயிலைத் திறந்துவிடும் முடிவை அறங்காவலரிடம் விட்டிருந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டமோ நுழைவை இந்துக்கள் அனைவரின் உரிமையாக்கியது. பிறர் இசைவால் பெறும் சலுகை சட்டவழி உரிமையாக மாறியது இங்கு நோக்கத்தக்கது. முத்துலட்சுமி ரெட்டி முன்னரே சட்டமன்றத்தில் முயன்ற தேவதாசி ஒழிப்பும் அவ்வாண்டிலேயே சட்டமாயிற்று. அரசுப் பணி நியமனத்திற்கான வகுப்புவாரி ஆணை திருத்தப்பட்டு, 14 இடங்களில் 2 இடங்கள் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியே ஒதுக்கப்பட்டன.

1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், 1802 முதல் வேரூன்றிய ஜமீன்தாரி முறையை அகற்றி, நிலங்களை இரயத்துவாரி முறைக்குக் கொணர்ந்தது. எனினும் ஜமீன்தார்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. நிலமற்ற உழவுத் தொழிலாளர்க்கு அதனால் நிலம் கிடைக்கவில்லை. இவ்வெல்லையையும் சுட்டாத மதிப்பீடு முழுமையாகாது.

தமிழாய்வாளர்க்கு நெருக்கமானது பாரதி நூல்கள் பற்றிய முடிவு. பதிப்புரிமையும் ஒலிப்பதிவு உரிமையும் தனியார் கைகளில் இருந்த நிலையில், அவற்றை அரசே பெறுவதென 1949இல் அவர்தம் அமைச்சரவை முடிவு செய்தது. பின்னர் அப்படைப்புகள் பொதுவுடைமையாயின.

பதவி துறப்பு

கட்சிக்குள் ஆதரவு குன்றவே, 1949 ஏப்ரலில் பதவி விலகினார். குமாரசாமி ராஜா அப்பொறுப்பை ஏற்றார். அதன்பின் வடலூரில் சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, ஆதரவற்ற சிறார்க்கும் கல்விக்கும் தொண்டாற்றினார். 1970 ஆகஸ்ட் 25 அன்று மறைந்தார்.

முடிவுரை

கோயில் வாயில், பெண்ணின் வாழ்வு, அரசுப் பணி, விளைநிலம், கவிஞனின் சொல் ஆகிய ஐந்திலும் சிலரது ஆளுகை தளர்ந்து, பலரது உரிமை நிலைபெற்றது. இரண்டாண்டுகளே நீடித்த ஓர் ஆட்சியில் இவை அடுத்தடுத்து நிகழ்ந்தமையைத் தற்செயல் எனக் கொள்வதற்கில்லை. ஓமந்தூராரின் நேர்மையை மட்டும் போற்றுவது அவர்தம் அரசியலை மறைத்துவிடும். அவரை மதிப்பிட முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளத்தக்கவை அவர் இயற்றிய சட்டங்களே.