கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் கிரேஸ் ஹாப்பர் பிறந்தார். ஏழு வயதுச் சிறுமியாய் இருந்தபோதே, கடிகாரம் எங்ஙனம் மணியடிக்கிறது என்று அறிய விழைந்து, வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துவிட்டார். இனி ஒரு கடிகாரத்தை மட்டுமே தொடலாம் என்று அன்னையார் வரையறுக்க நேர்ந்தது.

யேல் பல்கலைக்கழகத்தில் 1934இல் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்ற அம்மையார், வாசர் கல்லூரியில் ஆசிரியப் பணி புரிந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர முனைந்தார். உடல் எடை போதாதென்று தடை எழுந்தது. தனி ஒப்புதல் பெற்றுச் சேர்ந்தார்.

1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க்-1 என்னும் கணிப்பொறிக்கு அவர் அனுப்பப்பட்டார். 51 அடி நீளமுள்ள அப்பொறி ஒரு நொடியில் மூன்று கூட்டல்களைச் செய்தது. ஒரு பெருக்கலுக்கு ஆறு நொடி கொண்டது. நொடிக்கு எத்தனை கணக்கு என்று எண்ணியே பொறியின் விரைவை அளந்தனர். 1946இல் உலகறிந்த எனியாக் என்னும் பொறியோ, நொடிக்கு 5,000 கூட்டல்களைச் செய்தது! விரைவு பெருகப் பெருக நொடியே மிகப் பெரிய அளவாயிற்று. ஆகவே அதன் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோ நொடி என்றும், நூறு கோடியில் ஒரு பங்கு நானோ நொடி என்றும் வழங்கலாயின.

நூறு கோடியில் ஒரு பங்கை யார் கண்டார்? அம்மையாருக்கும் அது மனத்தில் பதியவில்லை. ஒரு நானோ நொடியை வெட்டி அனுப்புமாறு பொறியியலாரைக் கேட்டார். வந்தது, ஓரடிக்குச் சற்றுக் குறைந்த கம்பித்துண்டு. ஒரு நானோ நொடியில் மின்குறி அதற்குமேற் செல்ல இயலாது. மைக்ரோ நொடிக்குரிய கம்பியோ 984 அடி. அதைப் பெருஞ்சுருளாகச் சுற்றி வைத்துக்கொண்டார்.

செயற்கைக்கோள் வழியே செய்தி வரக் காலந்தாழ்வது ஏன் என்று படைத்தலைவர்கள் வினவும்போது, அம்மையார் சிறு கம்பியை எடுத்துக் காட்டுவார். நிலத்திற்கும் அக்கோளுக்கும் இடையே அத்தகைய துண்டுகள் பல கோடி அடங்கும் அல்லவா? பொறி விரைய வேண்டுமாயின், குறி செல்லும் வழி குறுக வேண்டும். கணிப்பொறிகள் சிறுத்து வந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். நிரல் எழுதுவோர் மைக்ரோ நொடிகளை வீணாக்குவது அவருக்குப் பொறுக்காது. அப்பெருஞ்சுருளை அவர்கள் கழுத்தில் மாட்ட வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இக்காலக் கணிப்பொறியின் உட்கடிகாரம் ஒரு நானோ நொடிக்குள் மூன்று, நான்கு முறை துடிக்கிறது. ஆயினும் துடிப்பை மட்டும் எண்ணி விரைவைக் கூறிவிடலாகாது. சிற்றடி வைத்து விரைபவனை நெட்டடி வைப்பவன் முந்துவதில்லையா? ஒவ்வொரு துடிப்பிலும் முடியும் பணியையும் சேர்த்தே கணிக்க வேண்டும்.

அம்மையார் 1986இல், தமது 79ஆம் வயதில், ரியர் அட்மிரல் என்னும் உயர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1992ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மறைந்தார். கூட்டந்தோறும் அவர் வழங்கிவந்த கம்பித்துண்டுகளில் ஒரு கட்டு வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் போற்றி வைக்கப்பட்டுள்ளது.