பாலைவனத்தில் தனியாகச் சென்ற யுவான் சுவாங்

காஞ்சீபுரத்துக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கின் பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். பல்லவர் காலத்தில், சுமார் 640-ம் ஆண்டில் வந்தவர் அவர். ஆனால் தம் நாட்டை விட்டு அவர் எப்படிப் புறப்பட்டார் தெரியுமா? திருடனைப் போல! இரவில் நடந்தார், பகலில் ஒளிந்து கொண்டார்.

அவர் 602-ம் ஆண்டு வாக்கில், சீனாவில் லோயாங் நகரத்துக்கு அருகே பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை இறந்து விட்டார். அண்ணன் புத்த பிக்ஷு. தம்பியும் அவரைப் போலவே மடத்தில் சேர்ந்தார். நூல்களைப் படிக்கப் படிக்கச் சந்தேகங்கள் வளர்ந்தன. பெரியவர்கள் ஆளுக்கு ஒரு பொருள் சொன்னார்கள். இந்தியாவுக்கே போய் மூல நூல்களைப் படிப்பது என்று தீர்மானித்தார்.

அரசாங்கம் அனுமதிக்கவில்லை. யாரும் எல்லையைத் தாண்டக் கூடாது என்று கட்டளை. ஆனாலும் 629-ம் ஆண்டு வாக்கில் சாங்கான் நகரிலிருந்து மேற்கே கிளம்பி விட்டார். அவரைப் பிடிக்கும்படி எல்லை ஊருக்கு உத்தரவு வந்தது. நல்ல வேளை, அங்கிருந்த அதிகாரி புத்த பக்தர். உத்தரவை அவர் எதிரிலேயே கிழித்துப் போட்டு, சீக்கிரம் போய் விடும்படி சொன்னார்.

கிழக் குதிரை

வழி காட்ட ஒருவன் வந்தான். அவனுடன் வந்த கிழவர் தம் சிவப்புக் குதிரையைக் கொடுத்தார். வயதான, மெலிந்த குதிரை. ஆனால் அந்தப் பாலைவனத்தை 15 தடவை கடந்த குதிரை அது! யுவான் சுவாங் தம் இளங்குதிரையைக் கொடுத்து அதை வாங்கிக் கொண்டார்.

முதல் இரவே ஆபத்து. தூங்கும் நேரத்தில் வழிகாட்டி கையில் கத்தியுடன் அவரை நெருங்கினான். பிறகு என்ன நினைத்தானோ, திரும்பிப் போய்ப் படுத்து விட்டான். மறுநாள் அவன் மேலே வர மறுத்தான். அவனை அனுப்பி விட்டு, பிக்ஷு தனியாகவே போனார்.

பாதை என்று ஒன்றும் இல்லை. செத்த பிராணிகளின் எலும்புகளும், குதிரைச் சாணமுமே வழி காட்டின. பகலில் கானல் தோன்றி, படை வருவது போல ஏமாற்றியது.

வழியில் காவல் கோபுரங்கள் இருந்தன. தண்ணீர் அங்கேதான் உண்டு. முதல் கோபுரத்துக்கு அருகே மணலில் பதுங்கி, இருட்டிய பிறகு தண்ணீர் எடுக்கப் போனார். சரேலென்று ஓர் அம்பு பாய்ந்தது! முழங்காலில் படாமல் தப்பினார். தாம் யார் என்று கத்திச் சொன்னார். அந்தக் காவல் தலைவனும் புத்த பக்தன். சாப்பாடு போட்டு அனுப்பினான்.

தோல் பை கவிழ்ந்தது

அதற்கு அப்பால் 800 லி தூரம் வெறும் மணல். லி என்பது சீனர் கணக்கு. நம் கணக்கில் 350 கிலோ மீட்டருக்கு மேல் வரும். அங்கே வழி தவறி விட்டது. குடிக்கத் தூக்கிய தோல் பை கை நழுவி விழுந்து, தண்ணீர் முழுவதும் மணலில் போயிற்று.

என்ன செய்வார்? கிழக்கே திரும்பி நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் தம் சபதம் நினைவு வந்தது. இந்தியாவை அடையாமல் ஓர் அடி கூடக் கிழக்கே வைப்பதில்லை என்று சபதம் செய்திருந்தார். குதிரையை மறுபடி மேற்கே திருப்பினார்.

நான்கு இரவு, ஐந்து பகல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இருவரும் மணலில் விழுந்து கிடந்தார்கள். ஐந்தாம் நாள் நடு இரவில் குளிர்ந்த காற்று வீசிற்று. குதிரை எழுந்தது. சிறிது தூரம் சென்றதும், திடீரென்று அது வேறு பக்கம் திரும்பிற்று. கடிவாளத்தை இழுத்தும் கேட்கவில்லை. போய் நின்ற இடத்தில் பசும்புல்லும், ஒரு குளமும் இருந்தன!

இரண்டு நாளில் ஹாமி என்ற ஊரை அடைந்தார். அங்கே மடத்திலிருந்த ஒரு கிழச் சீன பிக்ஷு, செருப்புக் கூடப் போடாமல் ஓடி வந்து, கட்டிப் பிடித்து அழுதார்.

பிறகு இந்தியாவை அடைந்து நாலந்தாவில் படித்தார். ஹர்ஷ சக்கரவர்த்தியின் மரியாதையைப் பெற்றார். ஊர் திரும்பும் வழியில், உத்தரவை மீறியதற்கு மன்னிப்புக் கேட்டுச் சீனச் சக்கரவர்த்திக்குக் கடிதம் அனுப்பினார். சக்கரவர்த்தியோ அவரை வரவேற்றார். 645-ம் ஆண்டில் சாங்கானுக்குள் வந்தபோது 657 நூல்களை 20 குதிரைகள் சுமந்து வந்தன. 664-ல் இறக்கும் வரையில் அந்த நூல்களைச் சீன மொழியில் பெயர்த்துக் கொண்டிருந்தார்.