மருத்துவத் தமிழின் முன்னோடி டொக்டர் கிறீன்

மட்டக்களப்பு வாவியின் ஓரமாக அமைந்துள்ள எமது ஏறாவூரில் தமிழரும் முஸ்லிம்களும் வைத்தியசாலையின் ஒரே வாங்கில் அமர்ந்து தமது முறைக்காகக் காத்திருப்பது அன்றாடக் காட்சியாகும். காத்திருப்போரின் மொழி ஒன்றே. ஆனால், அவர்களது கையிலுள்ள மருந்துத் துண்டின் மொழி வேறு. சத்திரசிகிச்சைக்கு முன்னர் ஒப்பமிடும் தாய்க்குத் தனது உடலுக்கு என்ன நேரப்போகிறது என்பதை அவளது மொழியில் விளக்கிக் கூற ஒருவர் வேண்டியிருக்கிறது. அவ்வாறான ஒருவர் அருகில் இருப்பதும் இல்லாதிருப்பதும் சில வேளைகளில் உயிருடன் தொடர்புடைய விடயமாகி விடுகின்றது.

எமது பாட்டன்மார் காலத்தில் பரியாரியாரும் ஹக்கீமும் மருத்துவிச்சியுமே ஊரின் சுகாதார சேவையாளராக விளங்கினர். இன்றோ வைத்தியர், தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், இயன் மருத்துவர், குடும்பநல உத்தியோகத்தர் என அந்த அணி பல்கிப் பெருகியுள்ளது. எமது அயலிலுள்ள வந்தாறுமூலையைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் எமது பிள்ளைகள் மருத்துவமும் தாதியமும் பயில்கின்றனர். இது பெருமைக்குரியதே. எனினும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து வைத்தியர்களும் தாதியர்களும் பெருந்தொகையாக நாட்டை விட்டு வெளியேறியதை நாம் கண்டோம். ஆட்களைப் பயிற்றுவது ஒரு பணி; பயிற்றப்பட்டவரை மக்களிடையே நிலைக்கச் செய்வது வேறொரு பணி. இவ்விரண்டையும் ஒருசேரச் சிந்தித்த ஒரு மனிதர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் இலங்கையில் வாழ்ந்தார். டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அந்த அமெரிக்கரின் வாழ்வை இங்கு நினைவுகூர விழைகின்றோம்.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் நகரில் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அவர் விரும்பியிருந்தால் அங்கேயே தொழில் நடத்தி வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரது சகோதரர் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் பின்னாளில் நியூயோர்க் மாநகரை உருவாக்கிய பெருமக்களுள் ஒருவராகப் புகழ் பெற்றார் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. ஆனால் இளைய மருத்துவர் கிறீனோ அமெரிக்க மிஷனின் ஊழியராக 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையில் பணியாற்றி, அடுத்த ஆண்டு மானிப்பாய்க்கு இடம்பெயர்ந்தார். இன்று கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்ற பெயரில் அங்கு நிலவும் மருத்துவமனையின் தொடக்கம் அதுவே.

அவருக்கு முன்னரே அதே மிஷனைச் சேர்ந்த டொக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் தங்கி மருத்துவம் செய்து, பின்னர் தமிழகம் சென்றிருந்தார். வேலூரில் புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் இவரது பேத்தியாவார். ஆகவே யாழ்ப்பாணத்தில் மேல்நாட்டு மருத்துவத்தை முதலில் கொணர்ந்தவர் கிறீன் அல்லர். அவரது தனிச்சிறப்பு வேறிடத்தில் உள்ளது. வாந்திபேதியும் அம்மையும் அடிக்கடி ஊர்களைச் சூறையாடிய அக்காலத்தில், கடல் கடந்து வரும் ஓரிரு மருத்துவர்களால் ஒரு மக்கள் கூட்டத்தைக் காக்க இயலாது என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்து கொண்டார். ஆதலால், வந்த மறு ஆண்டிலேயே சில உள்ளூர் இளைஞரைச் சேர்த்து மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். கொழும்பில் அரசாங்க மருத்துவப் பாடசாலை 1870ஆம் ஆண்டிலேயே தோன்றியது என்பதை எண்ணிப் பார்க்கும்போது இம்முயற்சியின் முற்போக்கு நன்கு விளங்கும்.

முதலில் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. ஆனால், அதன் விளைவு கிறீனுக்கு நிறைவளிக்கவில்லை. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர்கள் அரசாங்கப் பதவிகளை நாடி வெளியிடங்களுக்குச் சென்றனர். கிராமங்கள் மீண்டும் வைத்தியரின்றி நின்றன. தமிழில் கற்பித்தால் கற்றவர் தமது மக்களிடையே தங்கித் தொழில் செய்வர் என அவர் கருதினார். இடையில் தாயகம் சென்று, 1862ஆம் ஆண்டு திருமணம் செய்து மனைவியுடன் மானிப்பாய்க்குத் திரும்பிய அவர், 1864ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கலானார். அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ்மொழி மூலம் கற்றவர்கள். தமது மாணவர் ஐரோப்பிய உடையையும் உணவையும் பின்பற்றி ஊராரிடமிருந்து அந்நியப்படுவதையும் அவர் விரும்பவில்லை. தமிழராகவே உடுத்து, தமிழராகவே வாழ்ந்து வைத்தியம் செய்யவேண்டும் என்பதே அவரது நிலைப்பாடாக இருந்தது.

தமிழில் கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குக் கலைச்சொல் வேண்டும். அப்பெரும் சுமையையும் கிறீன் தமது தோளில் ஏற்றார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் வெளிவந்தன. உலகெங்கும் மருத்துவ மாணவர் இன்றும் அறிந்த கிரேயின் உடற்கூற்று நூல் 1872ஆம் ஆண்டிலேயே தமிழ் வடிவம் பெற்றது இவரது முயற்சியினாலேயே. இவை 4,000 பக்கங்களுக்கும் மேற்பட்டவை. இப்பணியில் டான்வேர்த், சப்மன், சுவாமிநாதன் முதலிய தமிழர்கள் அவருக்குத் துணை நின்று மொழிபெயர்த்தனர் என்பதை மறந்துவிடலாகாது. கலைச்சொல்லாக்கத்தில் அவர் பின்பற்றிய நெறி எளியது. தமிழில் வழக்கிலுள்ள சொல்லை முதலில் தேடுவார். கிடையாதவிடத்து வடமொழியை நாடுவார். அதுவும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதிக்கொள்வார்.

உடல்நலம் குன்றிய நிலையில் 1873ஆம் ஆண்டு கிறீன் இலங்கையை விட்டு நிரந்தரமாக நீங்கினார். எனினும் அவரது பணி நின்றுவிடவில்லை. வூஸ்ரரில் இருந்தவாறே தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்தியும் செம்மைப்படுத்தியும் அனுப்பி வந்தார். கெமிஸ்தம் 1875இலும் மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தமை அதற்குச் சான்றாகும். 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி அவர் காலமானார். தாம் தமிழரிடையே மருத்துவ ஊழியம் புரிந்தவர் என்பதே தமது கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவரது விருப்பமாக இருந்தது. அமெரிக்க மண்ணிலுள்ள அக்கல்லில் தமிழர் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

அவரை நாம் குறையற்றவராகச் சித்திரிக்க முற்படவில்லை. கிறீன் தமது சமயத்தைப் பரப்பும் நோக்குடன் வந்தவர். அதை அவர் மறைக்கவுமில்லை. அந்நோக்குடன் உடன்படாதோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருப்பர். ஆயினும் அறிவு எந்தக் கையால் வழங்கப்பட்டது என்பதற்காக அதனை மறுப்பது எமது மரபன்று. பக்தாதில் கலீபாக்களின் ஆதரவில் கிரேக்க மருத்துவ நூல்களை அரபுக்குப் பெயர்த்தவர்களுள் தலைசிறந்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். அந்த மொழிபெயர்ப்புகளின் மீதே பின்னர் இப்னு சீனா போன்ற முஸ்லிம் மேதைகள் தமது மருத்துவப் பெருநூல்களை எழுப்பினர். இன்று எம்மிடையே யுனானி என வழங்கும் மருத்துவத்தின் வேரும் அங்கேயே உள்ளது. ஒரு மக்களின் மொழிக்குள் மருத்துவ அறிவு வந்து சேரும்போதே அம்மக்கள் அதனை வளர்க்கவும் வல்லவராகின்றனர் என்பதையே பக்தாதின் வரலாறு உணர்த்துகின்றது.

மானிப்பாயிலோ அந்த மரம் வேரூன்றுமுன் நீர் வார்ப்பாரின்றிப் போயிற்று. கிறீன் சென்ற சில ஆண்டுகளில் தமிழ்வழி மருத்துவ வகுப்பு நின்றது. அரசாங்கத்தின் அங்கீகாரமும் பதவியும் ஆங்கிலத்தில் கற்றவருக்கே உரியனவாயின. நூல்கள் அலுமாரிகளில் உறங்கின. கவிஞர் அம்பி போன்றோர் பின்னாளில் அவரது அடிச்சுவட்டைத் தேடி எழுதியிராவிடின் அவரது பெயர் கூட எமக்கு எட்டாதிருந்திருக்கும்.

இன்று மருத்துவக் கல்வியை முழுமையாகத் தமிழில் நடத்தவேண்டும் என நாம் கோரவில்லை. உலகின் ஆராய்ச்சிகள் ஆங்கிலத்தில் பெருகிவரும் காலம் இது. ஆனால் கிறீன் எழுப்பிய வினாக்களுள் இரண்டு இன்னமும் விடையின்றி நிற்கின்றன. கற்றவர் ஊரில் நிலைப்பதற்கு நாம் என்ன செய்திருக்கின்றோம்? வெளிநாடு செல்வோரைக் குறை கூறுவது எளிது. வேலைப்பளு, ஊதியம், தங்குமிட வசதி என்பவற்றைச் சீர்செய்யாமல் நாட்டுப்பற்றை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. அடுத்ததாக, ஆங்கிலத்தில் கற்ற வைத்தியரும் தாதியரும் நோயாளியிடம் தெளிவான தமிழில் நோயை விளக்குவதற்கு அவர்களுக்குப் பயிற்சியளிக்கப்படுகின்றதா? தமிழறியாத சேவையாளர் பணியாற்றும் இடங்களில் மொழி உதவியாளர் நியமிக்கப்படுகின்றனரா?

மூன்றாவது கேள்வி எமது சமூகங்களுக்கானது. பிரசவ வைத்தியம் என்ற நூல் 1857இலேயே தமிழில் வந்தது. இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை 1898இல் எழுந்தது. தமது உடல் உபாதைகளைப் பெண் வைத்தியரிடமும் பெண் தாதியிடமும் கூறவே விரும்பும் தாய்மார் எமது தமிழ், முஸ்லிம் குடும்பங்களில் இன்றும் ஏராளம். அந்தச் சேவையை எமக்குத் தேவைப்படும்போது எதிர்பார்க்கும் நாம், எமது மகளைத் தாதியாக அனுப்பத் தயங்குவது முறையாகுமா? இரவுக் கடமையும் வெளியூர் நியமனமும் பெற்றோரின் உள்ளத்தில் எழுப்பும் அச்சத்தை நாம் அறிவோம். பாதுகாப்பான விடுதியும் போக்குவரத்தும் அமைத்து அதனைப் போக்குவது நிருவாகத்தின் கடமை. தாதியத்தை மதிப்புக்குரிய தொழிலாக ஏற்பது எமது கடமை.

எங்கோ பிறந்த ஒருவர் எமது மொழியில் வைத்தியரை உருவாக்கத் தமது வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டார். வாவிக்கரையின் வைத்தியசாலை வாங்குகளில் காத்திருக்கும் எமது தாய்மாருக்கு, அவர்களது நோயை அவர்களது மொழியில் எடுத்துரைக்கும் பிள்ளைகளை உருவாக்கி, இங்கேயே மனநிறைவுடன் வாழ வழிசெய்வதே அவருக்கு நாம் ஆற்றக்கூடிய நன்றிக்கடனாகும்.