துண்டாடப்பட்ட தோட்டங்களும் பத்து வெள்ளிப் பங்கும்: துன் சம்பந்தன் நடந்த பாதை

ஈப்போவிலும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலும் துன் சம்பந்தன் பெயரில் சாலைகள் உண்டு. இன்றைய இளையோர் பலருக்கு அது மோனோரயில் நிலையம் ஒன்றின் பெயர். ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் தாத்தா பாட்டிமார்களுக்கு அந்தப் பெயரோடு பத்து வெள்ளியும் சேர்ந்தே நினைவுக்கு வரும். மாதம் பத்து வெள்ளி கட்டினால் தோட்டத்தில் நமக்கும் பங்கு என்று சொல்லிக்கொண்டு தோட்டம் தோட்டமாக வந்த மனிதர் அவர். ம.இ.கா தலைவர், அமைச்சர் என்று அவர் வகித்த பதவிகள் பல. நம் சமுதாயத்தின் வயிற்றோடும் கூரையோடும் நேரடியாகத் தொடர்புடையது இந்தப் பத்து வெள்ளிக் கதைதான்.

வீ. தி. சம்பந்தன் 1919 ஜூன் 16-இல் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி தமிழ்நாட்டிலிருந்து மலாயா வந்து, உழைத்து, சுங்கை சிப்புட்டில் சொந்த ரப்பர் நிலம் வைத்திருக்கும் அளவுக்கு உயர்ந்தவர். அந்த வகையில் சம்பந்தன் லயத்துப் பிள்ளை அல்லர். முதலாளி வீட்டுப் பிள்ளை. கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்துவிட்டு, மேற்படிப்புக்காகச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். போர்க்காலம் முழுவதும் தமிழ்நாட்டிலேயே இருக்க நேர்ந்தது. இந்திய விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டுகள் அவருக்குள் அரசியலை விதைத்தன.

போர் முடிந்து அவர் ஊர் திரும்பியபோது பால்காட்டு வாழ்க்கை கொந்தளிப்பில் இருந்தது. கூலி உயர்வு கேட்டுத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1948-இல் அவருடைய 29-வது பிறந்தநாள் அன்று, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கூலிக்காகக் குரல் கொடுப்பதே ஆபத்து என்று தோட்ட மக்கள் அஞ்சிய காலம் அது.

சம்பந்தன் தம் பொதுப்பணியைச் சுங்கை சிப்புட்டிலேயே தொடங்கினார். அங்கே அவர் முயற்சியில் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலை 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் அவர்களால் திறந்துவைக்கப்பட்டது. 1955-இல் ம.இ.கா-வின் தேசியத் தலைவரானார். அதுவரை பெரும்பாலும் பட்டணத்துப் படித்தவர்களின் கட்சியாக இருந்த ம.இ.கா, அவர் தலைமையில் தோட்டத் தமிழர்கள் பக்கம் திரும்பியது. அதே ஆண்டு நடந்த முதல் பொதுத் தேர்தலில் வென்று தொழிலாளர் அமைச்சரானார். சுதந்திரத்துக்குப் பின் சுகாதாரம், பிறகு பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு ஆகிய துறைகளைக் கவனித்தார்.

தோட்டத் தொழிலாளியின் கூலிக் கணக்கு அப்போது எப்படி இருந்தது என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். ஆரம்பத்தில் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். கடன் தீரும்வரை வேறு தோட்டத்துக்குப் போக முடியாது, ஓடினால் சிறை. அந்த முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. அதன் பிறகு கங்காணி முறை ஓங்கியது. தாம் கூட்டிவந்த ஆட்கள் எத்தனை பேர் பிரட்டுக்கு வந்தார்கள் என்று தலைக்கணக்குப் பார்த்துக் கங்காணிக்குக் காசு கிடைத்தது. சட்டப்படி தொழிலாளி சுதந்திரமானவன். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு எந்தத் தோட்டத்துக்கும் போகலாம். 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், கூலியைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாறாமல் பேச்சுவார்த்தையில் நிர்ணயிக்கும் நிலையைக் கொண்டுவந்தது. ரப்பர் விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும் என்ற ஏற்பாடுகளும் வந்தன.

இந்த நேரத்தில்தான் வேறொரு இடி விழுந்தது. சுதந்திரம் நெருங்கியபோது, நாட்டின் எதிர்காலம் எப்படியிருக்குமோ என்று அஞ்சிய ஐரோப்பியக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்களில் பலர் பால் எடுக்க வாங்கவில்லை. பெரிய தோட்டத்தை மொத்தமாக வாங்கி, சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, கூடுதல் விலைக்கு விற்று லாபம் பார்த்தார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பத்திரிகைகள் எழுதியது இதைத்தான். பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடல்களை ஆராய்ந்து அறிக்கை கொடுக்கும் அளவுக்கு அது தேசியப் பிரச்சினையானது.

100 ஏக்கருக்குக் குறைந்த நிலம் தோட்டக் கணக்கில் வராது. துண்டு வாங்கிய புதிய முதலாளிக்கு லயம் தேவையில்லை, ஆயாக் கொட்டகை தேவையில்லை, மருந்தகம் தேவையில்லை. சங்கம் பேசி வாங்கிய கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் பலருக்கு இல்லை. குறைந்த கூலிக்குக் குத்தகை ஆட்களை வைத்துக்கொண்டார்கள். தோட்டத்தை நம்பியிருந்த தமிழ்ப்பள்ளியும் மாரியம்மன் கோயிலும் நாதியற்று நின்றன. ஒரு மாத நோட்டீஸ் என்ற விதி இப்போது மறுபக்கம் திரும்பியது. தொழிலாளி விலகிப்போக உதவிய அதே விதியை வைத்து முதலாளி அவனை வெளியேற்றினார். குடியுரிமை இல்லாதவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம்.

துண்டாடலைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அரசாங்கத்தில் இருந்த சம்பந்தனுக்குத் தம் கூட்டணி அரசு சொத்துரிமையில் எந்த அளவுக்குக் கை வைக்கும் என்பது தெரியும். அவர் வேறு வழியில் யோசித்தார். தோட்டம் சந்தைக்கு வருகிறது என்றால், வாங்குபவர்கள் ஏன் அங்கே வேலை செய்பவர்களாகவே இருக்கக் கூடாது என்பது அவர் கேள்வி. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம்.

பத்து வெள்ளி இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அன்று பால்வெட்டுத் தொழிலாளிக்கு அது சில நாள் கூலி. விடியற்காலை எழுந்து, கொசுக்கடியில் மரம் சீவி, பால் தூக்கிச் சம்பாதித்த காசை யாரோ ஒரு சங்கத்திடம் கொடுக்க எளிதில் மனம் வருமா? கங்காணியிடமும் வட்டிக்காரர்களிடமும் ஏமாந்து பழகிய மக்கள் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. அதனால்தான் சம்பந்தன் தாமே தோட்டங்களுக்குப் போனார். அமைச்சர் வேலை போக மீதி நேரத்தில் லயத்து முன்றிலிலும் கோயில் வாசலிலும் நின்று, கூட்டுறவு என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கினார். டான்ஸ்ரீ கே. ஆர். சோமசுந்தரம் போன்றவர்கள் அவருக்குத் தோள்கொடுத்துச் சங்கத்தை வளர்த்தார்கள். 1961-இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமானது. அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பல தோட்டங்கள் சேர்ந்தன.

ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு விற்பனை விவகாரம் வெடித்தது. அங்கே பேஸ்பால் விளையாட்டுக்காரர்கள் குழு முதலாளிகளுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். ஒப்பந்தத்தில் இருந்த ஒரு விதி, ஒருமுறை கையெழுத்திட்ட ஆட்டக்காரரைக் குழு விரும்பும்வரை வைத்திருக்க இடம் கொடுத்தது. குழு அவரை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். அவர் மட்டும் விலகிப்போக முடியாது. செயின்ட் லூயிஸ் குழுவில் 12 ஆண்டுகள் ஆடிய கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின ஆட்டக்காரர், 1969-இல் தம்மைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்து நீதிமன்றம் போனார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையும் முடிந்தது. ஆனால் 1975-இல் வேறு இரண்டு ஆட்டக்காரர்களின் வழக்கில் நடுவர் தீர்ப்பு வந்து அந்தக் கட்டு அறுந்தது. விரும்பிய குழுவுக்குப் போகும் உரிமை கிடைத்ததும் சம்பளம் பாய்ந்து ஏறியது. 1992-இல் ஆட்டக்காரர்களின் சராசரி ஆண்டுச் சம்பளம் 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

இரண்டும் ஆளைக் கேட்காமல் ஆளின் வாழ்க்கையை விற்கும் கதைகளே. ஆனால் தீர்வு எதிரெதிர்த் திசையில் இருந்தது. அபூர்வத் திறமை உள்ள ஆட்டக்காரருக்கு வெளியேறும் உரிமை போதும். ஏனெனில் நான்கு குழுக்கள் அவரைப் போட்டி போட்டுக் கூப்பிடும். நம் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அந்த உரிமை 1910-லிருந்தே சட்டத்தில் இருந்தது. யாரும் போட்டி போட்டு அழைக்காதபோது அதனால் என்ன பயன்? வேலை போனால் வீடு போகும், பிள்ளையின் பள்ளி போகும், குலதெய்வம் போகும். அவனுக்குத் தேவைப்பட்டது இருக்கும் உரிமை. சம்பந்தன் அதைப் புரிந்துகொண்டார். கூலியை மட்டும் உயர்த்திப் பயனில்லை, கூலி கொடுக்கும் இடமே கையில் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது அதனால்தான்.

அந்த வழி குறையில்லாதது என்று சொல்ல முடியாது. துண்டாடப்பட்ட தோட்டங்களில் ஒரு பகுதியைத்தான் சங்கத்தால் காப்பாற்ற முடிந்தது. பங்குதாரராக இருக்கும் தொழிலாளிக்குத் தோட்டம் லாபம் காட்ட வேண்டும். வேலையாளாக இருக்கும் அதே தொழிலாளிக்குக் கூலி கூட வேண்டும். ரப்பர் விலை சரியும்போது இரண்டும் ஒத்துப்போவதில்லை. கூட்டுறவுத் தோட்டத்திலும் மேனேஜரும் கிராணியும் மண்டோரும் இருந்தார்கள். ஆனாலும் தலைக்குமேல் கூரை நிலைத்தது, லாபத்தில் பங்கு வந்தது. பொருளாதாரம் என்ற சொல்லோடு அதுவரை சம்பந்தமே இல்லாதிருந்த ஏழைக் குடும்பங்களின் இரும்புப் பெட்டியில் ஒரு சொத்துப் பத்திரம் ஏறியது.

1967-இல் அவருக்குத் துன் விருது கிடைத்தது. கட்சிக்குள் அதிருப்தி வளர்ந்த நிலையில் 1973-இல் ம.இ.கா தலைமையிலிருந்து விலகினார், டான்ஸ்ரீ வீ. மாணிக்கவாசகம் அடுத்த தலைவரானார். 1979 மே 18-இல், 60 வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, துன் சம்பந்தன் காலமானார். தந்தை விட்டுச்சென்ற நிலத்தில் பெரும்பகுதியைப் பொதுவாழ்க்கையில் இழந்தவர் என்று சுங்கை சிப்புட் மக்கள் அவரை இன்றும் நினைவுகூர்கிறார்கள். பின்னாளில் அவருடைய துணைவியார் தோ புவான் உமா சுந்தரி கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையை ஏற்று நடத்தினார். கோலாலம்பூரில் உள்ள சங்கத்தின் கட்டடம் விஸ்மா துன் சம்பந்தன் என்றே அழைக்கப்படுகிறது.

அவர் மறைந்த பிறகு தோட்டங்கள் மீண்டும் கைமாறின. இம்முறை துண்டு நிலத்துக்காக அல்ல, வீடமைப்புக்காகவும் தொழிற்பேட்டைக்காகவும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்ச் சிமெண்டு வந்தது. பேராக்கில் பழைய தோட்டங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. மூன்று தலைமுறை உழைத்தவர்கள் வீட்டைக் காலி செய்யும் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற காட்சிகளை நாம் மறக்கவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட் என்று தொடங்கி இன்று 1,700 ரிங்கிட்டுக்கு வந்திருக்கிறது. அது வரவேற்க வேண்டியது. ஆனால் சம்பளம் ஏறும் வேகத்தைவிட வீட்டு விலை ஏறும் வேகம் அதிகம் என்பது சொந்த வீடு தேடும் ஒவ்வொரு இளைஞனுக்கும் தெரியும்.

தாத்தாவின் பழைய பெட்டியில் கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், வாரிசுப் பெயர் மாற்றம் செய்யப்பட்டிருக்கிறதா என்று சங்கத்தில் கேளுங்கள். சில நாள் கூலியை மிச்சம் பிடித்துக் கட்டிய காசு அது. கேட்பாரற்றுக் கிடக்க விடக் கூடாது.