கிராம முன்சீப்பின் மகன்

தர்மதலாவுக்குச் சென்று திரும்பும் நம் குடும்பத்தினர், கவர்னர் மாளிகையின் நெடிய வாயிலைக் கண்டிருப்பர். 1947 ஆகஸ்டு 15 அன்று அம்மாளிகையில் மேற்கு வங்காளத்தின் முதல் கவர்னராகப் பதவியேற்றவர், சேலம் நகரசபையின் தலைவராயிருந்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். நாம் அன்புடன் ராஜாஜி என்றழைக்கும் பெரியார்.

அவர் 1878 டிசம்பர் 10-ம் நாள், அன்றைய சேலம் ஜில்லாவில் ஒசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் வேங்கடராய ஐயங்கார் அவ்வூர் முன்சீப். கௌரவமான உத்தியோகந்தான்; ஆனால் வருவாய் சொற்பம். ஒசூரிலும் பெங்களூரிலும் கற்றுச் சென்னையில் சட்டம் பயின்ற மகன், 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். தொழில் செழித்தது. ஆயினும் இளவயதிலேயே மனைவியாரை இழந்து, ஐந்து மக்களை வளர்க்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1917 முதல் இரண்டாண்டுகள் சேலம் நகரசபைத் தலைவராயிருந்தார். சேலம் மாநகராட்சியானது 1994-ல்தான். ஆதலால் மேயர் என்ற பட்டம் அவருக்கு வாய்க்கவில்லை. தண்ணீருக்கும் சாக்கடைக்கும் விடை காண வேண்டிய பதவி அது. அக்கிரகாரத்துக்குக் குடிநீர் திறந்துவிடும் வேலையைத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஓர் ஊழியரிடம் அவர் ஒப்படைத்தார். தீட்டு என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. எதிர்த்தவர்கள் அயலார் அல்லர். அவருடைய சொந்தச் சமூகத்தினர், அன்றாடம் முகம் பார்க்க வேண்டியவர்கள். அவர் உத்தரவை மாற்றவில்லை. தாழ்த்தப்பட்டோர் ஒருவர் அந்நகரசபையில் முதன்முறையாக அங்கத்தினராவதற்கும் துணை நின்றார்.

பின்னர் காந்தியடிகளைப் பின்பற்றித் தொழிலைத் துறந்ததும், வேலூர்ச் சிறையும், 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்து அமைத்த ஆசிரமமும், 1930-ல் வேதாரணியம் உப்பு யாத்திரையும் நாமறிந்தவை. 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானபோது, மதுவிலக்கைத் தம் சேலம் ஜில்லாவிலேயே முதலில் தொடங்கினார். அவர் செய்த அனைத்தையும் தமிழுலகம் ஏற்றதில்லை. 1938-ல் ஹிந்தியைக் கட்டாயமாக்கியதையும் 1953-ம் ஆண்டுக் கல்வித் திட்டத்தையும் மூத்தோர் பலர் மன்னிக்கவேயில்லை.

வங்கமும் அவரை மாலையுடன் எதிர்பார்த்து நிற்கவில்லை. 1939-ல் திரிபுரி காங்கிரஸில் சுபாஷ் சந்திர போஸுக்கு எதிரணியில் நின்றவர் அவர். பாகிஸ்தான் பிரச்னையில் சமரசம் பேசியவரும் அவரே. ஆகவே சரத் சந்திர போஸ் முதலியோர் இந்நியமனத்தைக் கண்டித்தனர். பதவியேற்ற நாளன்றே மக்கள் வெள்ளம் மாளிகைக்குள் புகுந்தது. அது வெறுப்பினால் அன்று, விடுதலைக் களிப்பினால்.

அக்களிப்பு ஒரு திங்கள்கூட நிலைக்கவில்லை. ஆகஸ்டு இறுதியில் கலகம் மீண்டும் மூண்டது. பெலியகட்டாவில் தங்கியிருந்த காந்தியடிகள் செப்டம்பர் 1 இரவு உண்ணாவிரதம் தொடங்கினார். கவர்னர் அவரிடம் விரைந்து, குண்டர்களுக்காக நோன்பிருப்பது தகுமா என்று வாதாடினார். அடிகள் இசையவில்லை. வெளியிடவிருந்த அறிக்கையில், தண்ணீருடன் எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளலாம் என்றொரு விலக்கு இருந்தது. முற்றும் கடவுளை நம்பும் நோன்புக்கு அவ்விலக்கு எதற்கு என்று ராஜாஜி வினவ, அடிகள் அவ்வாசகத்தை அடித்துவிட்டார். நோன்பைத் தடுக்க வந்தவரே அதனைக் கடுமையாக்கித் திரும்பினார்! வக்கீலின் பிடிவாதம் என்பதா, நண்பரின் உரிமை என்பதா?

எல்லாச் சமயத் தலைவர்களும் அமைதிக்கு உறுதியளித்த பின்னர், 73 மணி நேரம் கழித்து, செப்டம்பர் 4 இரவு அந்நோன்பு முடிந்தது. நகரம் அடங்கியது.

1948 ஜூன் 21-ம் நாள் அவர் டில்லியில் கவர்னர் ஜெனரலானார். அப்பதவியில் அமர்ந்த இந்தியர் அவர் ஒருவரே. 1950 ஜனவரி 26-ல் குடியரசு பிறந்ததும் அப்பதவியே மறைந்தது. 1972 டிசம்பர் 25-ல், தம் தொண்ணூற்று நான்காம் வயதில், சென்னையில் அவர் காலமானார்.