மாலை ஐந்து மணியை அளந்தவர்

கூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் லயங்களுக்குத் தோட்டத்து ஜெனரேட்டர்தான் மின்சாரம் கொடுத்தது. மாலை ஆறு மணிக்கு ஓடத் தொடங்கும்; இரவு பத்துக்கு நிறுத்திவிடுவார்கள். தீபாவளிக்கு முதல் நாள் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றுவார்கள். பல்புகள் மஞ்சளாகி மங்கும். ஓர் ஆண்டு ஜெனரேட்டர் தாங்காமல் நின்றே போனது. மண்ணெண்ணெய் விளக்கில்தான் அன்றைய பலகாரம் வெந்தது.

பகலெல்லாம் சும்மா கிடக்கும் இயந்திரம் மாலையில் மட்டும் ஏன் திணறுகிறது என்று அப்பாவிடம் கேட்டேன். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால் அது என்ன செய்யும் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். பின்னாளில் மின்பொறியியல் படித்தபோதுதான், அந்தக் கேள்வியையே தொழிலாக்கிக்கொண்ட ஒருவரைப் பற்றி அறிந்தேன். அவர் பெயர் சாமுவேல் இன்சல்.

1859-இல் லண்டனில் பிறந்தவர். குடும்பத்தில் பணம் கிடையாது. பதினான்கு வயதில் பள்ளியை விட்டு அலுவலகப் பையனாகச் சேர்ந்தார். சுருக்கெழுத்து கற்றுக்கொண்டார். நாளிதழில் வந்த ஒரு வேலை விளம்பரம், எடிசனின் லண்டன் பிரதிநிதியிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1881-இல், 21 வயதில், நியூயார்க்குக்குக் கப்பலேறி எடிசனின் அந்தரங்கச் செயலாளர் ஆனார். 1892-இல் பெரிய சம்பளத்தை உதறிவிட்டு, சிகாகோவில் ஒரு சிறு மின் நிறுவனத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். அந்த நகரில் அப்போது இதுபோல் பல நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டிருந்தன.

அங்கே அவருக்கு வந்த சிக்கல் எங்கள் தோட்டத்துச் சிக்கல்தான். மின்சாரத்தை அரிசிபோல் மூட்டை கட்டி வைக்க முடியாது. கேட்கும் நொடியில் உற்பத்தி செய்ய வேண்டும். ஆகவே ஆண்டிலேயே அதிகமாகக் கேட்கப்படும் அந்த ஒரு மணி நேரத்திற்கு ஏற்ற அளவில் நிலையத்தைக் கட்டியாக வேண்டும். சிகாகோவில் அது டிசம்பர் மாத மாலை ஐந்து மணி வாக்கில் வந்தது. வெளியே இருட்டிவிடும், அலுவலக விளக்குகள் இன்னும் அணைந்திருக்காது, டிராம் வண்டிகளில் கூட்டம் நெரியும். மற்ற நேரங்களில் இயந்திரங்களில் பாதிக்கு வேலை இல்லை. ஆனால் அவற்றுக்காக வாங்கிய கடனுக்கு வட்டி இரவும் பகலும் ஓடியது.

1894-இல் இங்கிலாந்து போனவர், பிரைட்டன் கடற்கரை ஊரில் கடைகளெல்லாம் தாராளமாக விளக்கேற்றி வைத்திருப்பதைப் பார்த்து வியந்தார். விசாரித்தபோது, ஆர்தர் ரைட் என்ற பொறியாளரின் மீட்டர்தான் காரணம் என்று தெரிந்தது. ஒருவர் மொத்தம் எவ்வளவு பயன்படுத்தினார் என்பதோடு, ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுத்தார் என்பதையும் அது காட்டியது. அந்த உச்சத்திற்கு ஒரு விலை, அதற்குமேல் நீண்ட நேரம் பயன்படுத்தினால் குறைந்த விலை. இன்றும் நம் தொழிற்சாலைகளின் மின்கட்டணத்தில் ‘அதிகபட்சத் தேவை’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

பிறகு இன்சல் வாடிக்கையாளர்களைப் பொறுக்கிச் சேர்த்தார். மாலையில் வீடுகள், பகலில் ஆலைகள், காலையும் மாலையும் டிராம்கள், கோடையில் பனிக்கட்டித் தொழிற்சாலைகள். ஒருவர் உச்சம் மற்றவர் உச்சத்தோடு மோதக்கூடாது. ஏறத்தாழ 190 அடுக்குமாடி வீடுகள் கொண்ட ஒரு வட்டாரத்தை அவர் ஆட்கள் அளந்து பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி ஜெனரேட்டர் வைத்தால் மொத்தம் 68 கிலோவாட் வேண்டும். ஒரே இணைப்பில் கொடுத்தால் சுமார் 20 போதும். எல்லாரும் ஒரே கணத்தில் விளக்குப் போடுவதில்லை, அவ்வளவுதான். இதைப் படித்த அன்று எங்கள் தீபாவளி இஸ்திரிப் பெட்டிகளை நினைத்துச் சிரித்தேன். இன்சலின் கணக்கு பலிக்காத ஒரே நாள் அது!

நகரின் மின்சுமையைக் கவனிக்கத் தனி அலுவலரை நியமித்தார். முந்தைய ஆண்டு இதே நாளின் வரைபடம் ஒரு கையில், வானிலைச் செய்தி மறு கையில். கருமேகம் திரண்டால் நகரமே விளக்கைப் போடும். அதற்குள் கொதிகலன் தயாராக இருக்க வேண்டும். நானும் பிற்காலத்தில் மின்துறையில் வேலை செய்தேன். கணினிகள் வந்தபிறகும் அடிப்படை வேலை அதேதான். நம் நாட்டில் மேகம் வந்தால் குளிரூட்டி தணிந்து சுமை குறையும் என்பதுதான் வேறுபாடு. தீபகற்ப மலேசியாவின் உச்சத் தேவை இன்று 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஹரிராயா விடுமுறையில் அது எப்படிச் சரியும் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இப்போது எங்கள் ஜொகூரில் கூலாயிலும் செடெனாக்கிலும் தரவு மையங்கள் எழும்புகின்றன. இரவென்றும் பகலென்றும் பாராமல் ஒரே சீராக மின்சாரம் இழுப்பவை. இன்சல் பார்த்திருந்தால் கட்டித் தழுவியிருப்பார். கணிப்பவருக்குத்தான் தலைவலி. ஒரு மையம் விண்ணப்பத்தில் கேட்கும் அளவு வேறு, முதல் ஆண்டில் உண்மையில் இழுக்கும் அளவு வேறு. கூட்டிக் கணித்தால் வீண் நிலையங்களுக்கான செலவு நம் கட்டணத்தில் வந்து விழும். குறைத்துக் கணித்தால் இருட்டு.

இன்சலுக்கும் ஒரு கணிப்பு தவறியது. அது மின்சாரத்தில் இல்லை, கடனில். நிறுவனத்தின்மேல் நிறுவனமாக அடுக்கி, 1920-களின் இறுதியில் அமெரிக்காவின் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மின்சாரம் விற்றார். தம் ஊழியர்களையும் வாடிக்கையாளர்களையுமே பங்கு வாங்க வைத்தார். 1929-இல் பங்குச் சந்தை சரிந்தது. மக்கள் கொஞ்ச நாளில் மீண்டும் வாங்குவார்கள் என்று நம்பி மேலும் கடன் வாங்கினார். 1932-இல் எல்லாம் விழுந்தது. இலட்சக்கணக்கான எளிய மக்களின் சேமிப்பு அதோடு போனது. அவர் கிரேக்கத்துக்குப் போனார். 1934-இல் துருக்கியில் பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். நீதிமன்றம் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. பணம் போனவர்கள் விடுவிக்கவில்லை. எனக்கும் அவர்மேல் முழு மரியாதை வரவில்லை; ஆனால் அவரை மறக்கவும் முடியவில்லை.

1938 ஜூலை 16, பாரிஸ் நகரம். அவருக்கு வயது 78. சுரங்க மின்சார இரயில் நிலையம் ஒன்றில் மாரடைப்பு வந்து விழுந்தார். சட்டைப்பையில் சில்லறைக் காசுகள் மட்டுமே இருந்தன.